ஆறாத புண்ணில் புழு... பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாஸ்டல் ரூமில் படுத்தபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அம்மா போன். குரலே சரியில்லை. “அப்பத்தாவுக்கு மூக்குப் பக்கத்துல ஒரு புண்ணு இருந்துச்சுல்ல... அதுல புழு வச்சிருச்சுடா. யார்கிட்டயும் சொல்லிடாத” என்கிறார்.

இப்படி ஒரு போன் உங்களுக்கு வராமலே போகலாம். வந்தால், அந்தக் கடைசி வரிதான் ரொம்ப ஆபத்தானது. ‘யார்கிட்டயும் சொல்லிடாத.’ நம்ம ஊரில் ஒருவரை மிக மோசமாகச் சபிக்க வேண்டுமென்றால், “புழுத்துச் சாவ” என்பார்கள். அதனால் உடம்பில் புழு என்றாலே அது நோயாகத் தெரியாது. பாவமாக, சாபமாக, குடும்பத்துக்கு வந்த அவமானமாகத் தெரியும். வாசல் கதவைச் சாத்துவார்கள். உறவுக்காரர்கள் வந்தால் பாட்டியைப் பின்கட்டு அறைக்குள் அனுப்புவார்கள். டாக்டரிடம் போவதை நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளுவார்கள். அந்த இரண்டு நாளில் புழு உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. பெயர், மையாசிஸ். ‘மையா’ என்றால் கிரேக்கத்தில் ஈ. ஈயின் புழுக்கள் உயிருள்ள உடம்பில் வளர்வதைக் குறிக்க 1840-ல் ஃபிரெடரிக் வில்லியம் ஹோப் என்ற ஆங்கிலேயர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆறாத புண் இருக்கும் யாருக்கும் இது வரலாம். தோல் புற்றுநோய் புண்ணாக மாறி, அதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு வருவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புழு எங்கிருந்து வருகிறது?

புண் தானாகப் புழுக்காது. ‘அழுகினால் புழு தானா உண்டாகும்’ என்பது பழைய நம்பிக்கை. ஈ வந்து முட்டை வைத்தால்தான் புழு. ஈ வராத புண், எத்தனை மோசமாக இருந்தாலும், புழு வைக்காது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் தடுப்பது எப்படி என்பதும் பாதி புரிந்துவிடும்.

எல்லா ஈயும் ஒரே மாதிரி இல்லை. டீக்கடை மேஜையில் உட்காரும் வீட்டு ஈ, ஏற்கெனவே அழுகிய இடத்தைத் தேடி வரும் ரகம். பச்சையாக மினுங்கும் லூசிலியா இன ஈக்களும் பெரும்பாலும் அப்படித்தான். சதை ஈ என்று ஒரு வகை உண்டு. அது முட்டை வைக்காமல் நேரடியாக உயிருள்ள புழுக்களையே புண்ணில் விட்டுவிட்டுப் போகும்.

இந்தியாவில் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. அதன் பெயர் கிரைசோமியா பெஸ்ஸியானா. நீலமும் பச்சையும் கலந்து பளபளக்கும் ஈ. ஆப்பிரிக்கா, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்கு ஆசியா எங்கும் இருக்கிறது. இந்தியாவில் மனிதர்களுக்கும் கால்நடைகளுக்கும் புழுப்புண் வருவதற்கு இந்த ஈ முக்கியக் காரணம் என்று பூச்சியியல் ஆய்வாளர் பேட்டன் 1920-லேயே எழுதியிருக்கிறார். ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொம்பு உடைந்த இடத்திலும் புதுக் கன்றின் தொப்புளிலும் இந்தப் புழு வைப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு.

மற்ற ஈக்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதன் புழுவுக்குச் செத்த சதை போதாது. உயிருள்ள சதையைத் தின்றுதான் வளர முடியும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் ஈ, புண்ணின் ஓரத்தில் ஒரே தடவையில் நூறு, இருநூறு முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிடும். ஒரு நாளுக்குள் அவை பொரியும். அரிசியைவிடச் சின்னதாக இருக்கும் புழுக்கள் தலையைச் சதைக்குள் நுழைத்து, வால் பக்கத்தை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். காரணம், அவை சுவாசிக்கும் துளைகள் வால் பக்கத்தில் இருக்கின்றன. உடம்பைச் சுற்றி வரிவரியாகச் சின்ன முட்கள் இருப்பதால் திருகாணி மாதிரி தெரியும். ‘திருகுப்புழு’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஐந்து முதல் ஏழு நாளில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, தானே கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக வெளியே வரும்.

ஆக, இன்றைக்குப் புழு கண்ணில் பட்டது என்றால், ஈ நேற்றோ முந்தாநாளோ வந்துவிட்டுப் போய்விட்டது. ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று சொல்ல நேரமில்லை.

புற்றுநோய்ப் புண்ணில் ஏன்?

ஈ வருவது வாசனையைப் பிடித்து. புற்றுநோய்க் கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வளரும்போது அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் போதாது. அந்தச் சதை செத்துப்போகும். அங்கே ஆக்ஸிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் குடியேறும். கசிவு, ரத்தம், நாற்றம் எல்லாம் சேரும். ஈக்கு இதைவிடத் தெளிவான அழைப்பிதழ் வேண்டாம்.

உடம்பின் காரணம் இது. வீட்டின் காரணம் வேறு. இந்த நிலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். தனியாக இருப்பவர்கள். கண்புரை வந்து கண்ணாடியில் தன் முகமே சரியாகத் தெரியாதவர்கள். பக்கவாதத்தால் ஈயை விரட்டக்கூடக் கை தூக்க முடியாதவர்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள். மறதி நோய் உள்ளவர்கள். நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, துணியால் மூடிக்கொண்டு ஒதுங்கியே இருப்பவர்கள். பகலில் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகை பக்கமோ கயிற்றுக்கட்டிலில் படுப்பவர்கள்.

இன்னொரு காரணம், இந்தப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு யார் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

தோல் புற்றுநோய்... நம்ம தோலில் எப்படித் தெரியும்?

‘அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்’ என்று நினைப்போம். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி ஓரளவு பாதுகாப்புத் தருவது உண்மைதான். அதனால் இந்தியாவில் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால், குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. ‘நமக்கு வராது’ என்ற நினைப்பால்தான் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது.

மூன்று வகைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேசல் செல் கார்சினோமா: பெரும்பாலும் முகத்தில், அதுவும் மூக்கு, கண்ணோரம், கன்னப் பகுதிகளில் வரும். முத்து மாதிரி மினுங்கும் சின்னக் கட்டி, நடுவில் குழிந்து, ஓரம் சற்று மேடாக இருக்கும். நம் நிறத்துத் தோலில் இது பல நேரம் கறுப்பாகவே இருக்கும். அதனால் மச்சம், மரு என்று விட்டுவிடுவார்கள். மெதுவாக, வருடக் கணக்கில் வளரும். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால், இருக்கும் இடத்தை எலி கொறிப்பதுபோல அரித்துக்கொண்டே போகும்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா: சொரசொரப்பான மேடு, பொருக்கு, தொட்டால் ரத்தம். வெயில் படும் இடங்களில் வரும். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குப் பழைய தழும்பிலும், நாள்பட்ட புண்ணிலும் வருவதும் உண்டு. சின்ன வயதில் பட்ட தீக்காயத் தழும்பு, இருபது முப்பது வருடம் கழித்துத் திடீரென்று புண்ணாகி ஆறாமல் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். தழும்பில் வரும் இந்தப் புண்ணுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவக்கூடியது என்பதால் தள்ளிப்போடவே கூடாது.

மெலனோமா: மூன்றில் மிக ஆபத்தானது. நம் ஊர்க்காரர்களுக்கு இது வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவது அதிகம். ஒழுங்கற்ற ஓரத்தோடு, நிறம் மாறி மாறி, நாளுக்கு நாள் பெரிதாகும் கறுப்புப் புள்ளி, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு... இவற்றை ‘அடிபட்ட ரத்தக்கட்டு’ என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தியாவுக்கே உரிய சில காரணங்களும் உண்டு. காஷ்மீரில் குளிருக்கு உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டி, வருடக் கணக்கில் வயிற்றுத் தோலைச் சுட்டு அங்கே புற்றுநோயை உண்டாக்குவது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். அதேபோல, வேட்டியையோ பாவாடை நாடாவையோ பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பில் தடிப்பும் புண்ணும் வந்து, மிகச் சிலருக்கு அது புற்றுநோயாக மாறியதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், இது அபூர்வம். ஆனால் அம்மாவின் இடுப்பில் நாடா பதிந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால், “அது எப்பவும் இருக்குறதுதான்” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை, இறுக்கத்தைக் குறைப்பது, கட்டும் இடத்தை மாற்றுவது... இவை போதும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான். நான்கு வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணும் டாக்டர் கண்ணில் பட வேண்டும்.

புழுவைப் பார்த்துவிட்டீர்கள்... இப்போது என்ன செய்வது?

முதலில் முகத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். கஷ்டம்தான். ஆனால், நீங்கள் ‘ஐயய்யோ’ என்று அலறிப் பின்வாங்கினால், அப்பத்தா அடுத்த முறை யாரிடமும் காட்ட மாட்டார். “இது ஈ முட்டை வச்சதால வந்தது அப்பத்தா, எடுத்துடலாம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி பெரிய மருந்து.

அடுத்து, கையுறை இருந்தால் போட்டுக்கொண்டு, சுத்தமான காஸ் துணியால் புண்ணை மூடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைன் இருந்தால் அதில் துணியை நனைத்துப் போடலாம். புதிதாக ஈ உட்காராமல் இருப்பதுதான் நோக்கம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை போதும். கண், மூக்கு, காது, வாய் பக்கம் புண் இருந்தாலோ, காய்ச்சல், குழப்பமான பேச்சு, நிற்காத ரத்தம் இருந்தாலோ அது அவசரம். 108-க்கு அழையுங்கள். முகத்தின் உள்ளறைகள் வழியாகப் புழு கண்குழிக்குள்ளும், அரிதாக மூளைப் பகுதிவரையும் போக முடியும் என்பதால் இதில் விளையாட்டு கூடாது.

போகும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புண் எத்தனை மாதமாக இருக்கிறது? சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை என்னென்ன? கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது?

போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு உதவும். ஆனால் அந்தப் போட்டோ ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கோ, ‘இதுக்கு என்ன மருந்து ஃபிரெண்ட்ஸ்’ என்று ஸ்டேட்டஸுக்கோ போகக் கூடாது. அது அவர் முகம், அவர் மானம்.

செய்யவே கூடாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், கொசு மருந்து, சுண்ணாம்பு... எதையும் ஊற்றாதீர்கள், தூவாதீர்கள். புழு சாகுமோ சாகாதோ, நல்ல சதை வெந்துபோகும். எரிச்சலில் புழுக்கள் இன்னும் உள்ளே போகவும் வாய்ப்பிருக்கிறது. மூக்குப் பக்கம் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கும்.

‘ஆஸ்பத்திரியிலயே டர்பன்டைன் எண்ணெய் வைக்கிறாங்களே’ என்று கேட்கலாம். அங்கே அளவோடு, இடம் பார்த்து, புழுக்கள் வெளியே வந்ததும் எடுத்துக் கழுவிவிடுவார்கள். வீட்டில் பாட்டிலைக் கவிழ்ப்பதும் அதுவும் ஒன்றல்ல. கண்ணருகே அதை யோசிக்கவே கூடாது.

ஆட்டுக்கு வைக்கும் பச்சிலை, கற்பூரம், வேப்பெண்ணெய் எல்லாம் ஆட்டுக்காரருக்குக் கைகண்ட வைத்தியமாக இருக்கலாம். புற்றுநோய்ப் புண்ணுக்கு அடியில் ரத்தக்குழாய் எங்கே இருக்கிறது என்று இலைக்குத் தெரியாது. ஆட்டுக்கு வாங்கிவைத்த ஐவர்மெக்டின் ஊசியைப் பாட்டிக்குப் போடும் விபரீதமும் வேண்டாம்.

ஹேர்பின், புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். புழு முட்களால் பிடித்துக்கொண்டிருக்கும். பாதி அறுந்து உள்ளேயே நின்றால் தொற்று அதிகமாகும். கட்டி லேசாகக் கிழிந்தாலும் ரத்தம் பீறிடும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

தெரியாத இடத்துக்குப் போவதுதான் பயம். தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் புண்ணைக் கழுவுவார்கள். புழுக்கள் வால் வழியாகச் சுவாசிப்பவை என்று பார்த்தோம் அல்லவா? அந்தத் துளைகளை லிக்விட் பாரஃபின், வாஸ்லின் போன்ற ஏதாவது ஒன்றால் அடைப்பார்கள். மூச்சு முட்டியதும் புழுக்கள் மேலே வரும். ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். பத்து இருக்கலாம், நூறும் இருக்கலாம். முதல் நாளிலேயே எல்லாம் வந்துவிடாது. சின்னப் புழுக்கள் உள்ளே ஒளிந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்வார்கள். ‘நேத்தே எடுத்தாங்களே, இன்னைக்கும் இருக்கே’ என்று டாக்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆழமாக இருந்தால் சிடி ஸ்கேன் எடுத்து எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். டெட்டனஸ் ஊசி, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் தருவார்கள். சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. ஆமாம், கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே மாத்திரைதான். எடைக்கேற்ற அளவு, மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு வருவது மிக முக்கியமான கட்டம். புண்ணின் ஓரத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். இது என்ன புண் என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும். யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். “டாக்டர், இது ரொம்ப நாளா ஆறாத புண்ணு. பயாப்ஸி எடுக்கணுமா?”

‘புழு போச்சு, சரியாப் போச்சு’... இந்த நினைப்புதான் வில்லன்

மூன்றாம் நாள் புண் சுத்தமாகத் தெரியும். நாற்றம் குறையும். அப்பத்தா நன்றாகத் தூங்குவார். “போதும்ப்பா, வீட்டுக்குப் போலாம்” என்பார். வீட்டிலும் நிம்மதிப் பெருமூச்சு. பயாப்ஸி ரிசல்ட் வாங்க யாரும் போக மாட்டார்கள். சில மாதங்களில் அதே புண், இன்னும் பெரிதாக, மறுபடியும் புழுவோடு வந்து நிற்கும்.

புழு இருந்தது மேலே. நோய் இருப்பது அடியில். ரிசல்ட் வாங்கும் பொறுப்பை வீட்டில் யாராவது ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம்.

இதற்கு நேரெதிரான நினைப்பும் உண்டு. ‘புழுவே வச்சாச்சு, இனிமே என்ன இருக்கு’ என்று கைவிடுவது. இதுவும் தவறு. புழு வைத்ததாலேயே நோய் முற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. பேசல் செல் வகையாக இருந்தால், புழு எடுத்த பிறகும் அறுவை சிகிச்சையால் குணமாக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சின்னதாக இருக்கும்போதே வந்திருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு அரை நாளில் முடிகிற ஆபரேஷன். பெரிதாகிவிட்டால் வெட்டிய இடத்தில் வேறு இடத்துத் தோலை வைத்து மூடுவார்கள். ஆபரேஷன் முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு.

செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடி எடுத்துவையுங்கள்.

குணப்படுத்த முடியாத கட்டம் என்றே டாக்டர் சொன்னாலும், செய்ய நிறைய இருக்கிறது. வலிக்கு மார்ஃபின்வரை மருந்துகள் உண்டு. நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேலேயே போடும் முறை உண்டு. இதற்கான துறைக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று பெயர். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தருவதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாறாமல், வலிக்காமல், பேரன் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்க வாழ்வதும் சிகிச்சைதான்.

‘புழு புண்ணைச் சுத்தம் பண்ணும்னு படிச்சேனே?’

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். முதல் உலகப்போரில், காயத்தில் புழு வைத்த வீரர்கள் சிலருக்குப் புண் எதிர்பாராத அளவுக்குச் சுத்தமாக இருந்ததை அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேயர் கவனித்தார். பிறகு ஆறாத எலும்புப் புண்களுக்குப் புழுக்களையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார். அவருடைய ஆய்வு 1931-ல் வெளியானது. 2004-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதற்கு அனுமதி தந்தது.

ஆனால், அந்தப் புழு வேறு. லூசிலியா செரிகேட்டா என்ற ஈயின் புழு, ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்க்கப்பட்டது, பெரும்பாலும் செத்த சதையை மட்டும் தின்பது. எண்ணி வைத்து, சில நாள்களில் எண்ணி எடுத்துவிடுவார்கள். திண்ணையில் படுத்திருந்த பாட்டியின் முகத்தில் தானாக வந்து சேர்ந்த புழு எந்த இனம், எந்தக் குப்பையிலிருந்து வந்தது, எதுவரை தின்னும் என்று யாருக்கும் தெரியாது. ‘இயற்கை வைத்தியம்’ என்று விட்டுவைக்காதீர்கள்.

ஓர் ஈயை எதிர்த்து ஒரு போர்

நம் ஊர் திருகுப்புழு ஈக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஓர் ஒன்றுவிட்ட சொந்தம் உண்டு. பெயர் கோக்லியோமியா ஹோமினிவோராக்ஸ். ‘மனிதனைத் தின்பது’ என்று அர்த்தம். கால்நடைகளை இது அழித்ததைத் தாங்க முடியாமல், எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லேண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெண் ஈ வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறைதான் இணைசேரும். அப்படியென்றால், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டால்? முட்டை பொரியாது. 1954-ல் குராசோ தீவில் செய்து பார்த்து ஜெயித்தார்கள். மெல்ல மெல்ல அமெரிக்காவிலிருந்து பனாமாவரை அந்த ஈயை விரட்டினார்கள். இருவருக்கும் 1992-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனால் 2023 முதல் அந்த ஈ பனாமாவைத் தாண்டி மறுபடியும் வடக்கே நகர்ந்து, 2024 நவம்பரில் மெக்சிகோவரை வந்துவிட்டது. கண்காணிப்பு தளர்ந்தால் ஈ திரும்பி வரும். நாட்டுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்.

வீட்டில் தடுப்பது எப்படி?

- புண்ணை எப்போதும் மூடிவையுங்கள். டாக்டர் சொன்னபடி தினமும் கட்டு மாற்ற வேண்டும். நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

- இந்த ஈக்கள் பகலில் வருபவை. அதனால் கொசுவலை ராத்திரிக்கு மட்டும் போதாது. பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள். ஜன்னலுக்கு வலை அடிப்பது இன்னும் நல்லது.

- கழற்றிய கட்டுத் துணியைக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். படுக்கையில் புழு விழுந்திருந்தால் மண்ணில் தூக்கிப் போடாதீர்கள். அது அங்கேயே ஈயாகிவிடும். கொதிக்கும் நீரில் போடுங்கள். படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவையுங்கள்.

- படுக்கை, குப்பைமேட்டுக்கும் சாணக்குழிக்கும் பக்கத்தில் வேண்டாம். வீட்டு ஆடு மாடு நாய்க்குப் புழுப்புண் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

- வாரம் ஒருமுறை தலை முதல் கால்வரை பாருங்கள். காது மடல் பின்னால், கொண்டைக்குள், மார்புக்கு அடியில், இடுப்பு மடிப்பில், கால்விரல் இடுக்கில். குளிப்பாட்டும்போது பார்த்தால் அவருக்கும் கூச்சமிருக்காது.

- ஆறாத புண் இருந்தால் வாரம் ஒரு போட்டோ, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள். பெரிதாகிறதா என்பது கண்ணை ஏமாற்றும், போட்டோவை ஏமாற்றாது.

- ‘ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு’, புதுசாக ரத்தம் கலந்த கசிவு, திடீரென்று அதிகமான நாற்றம்... கண்ணுக்குப் புழு தெரியாவிட்டாலும் இவை எச்சரிக்கைதான்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. புழு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது. புற்றுநோயும் தொற்றுநோய் அல்ல. தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் தேவையே இல்லை. கட்டு மாற்றும்போது கையுறை, பிறகு சோப்பு போட்டுக் கைகழுவல், அவ்வளவுதான்.

புழு வந்ததால்தான் புற்றுநோய் வந்ததா? இல்லை. புற்றுநோய்ப் புண் முதலில், ஈ பிறகு.

புழு வைத்த எல்லாப் புண்ணும் புற்றுநோயா? இல்லவே இல்லை. சர்க்கரை நோய்க் கால் புண், படுக்கைப் புண், விபத்துக் காயம் எதிலும் வைக்கலாம். அதனால்தான் பயாப்ஸி.

சுத்தமாக இருப்பவர்களுக்கு வராதா? ஈக்குச் சாதி, வசதி, பக்தி தெரியாது. நகரத்து மாடி வீட்டில், நர்ஸ் வைத்துப் பார்க்கும் நோயாளிக்கும் ஒரு திறந்த ஜன்னல் போதும். ‘அவங்க வீட்ல சரியாப் பாத்துக்கல’ என்று பேசுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த போனுக்கு என்ன பதில்?

“யார்கிட்டயும் சொல்லிடாத” என்று அம்மா சொன்னால், “டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்மா, இன்னைக்கே” என்று சொல்லுங்கள். போக வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் அடுத்த பஸ் பிடியுங்கள்.

போன் வராவிட்டால் இன்னும் நல்லது. நீங்களே ஒரு வீடியோ கால் போடுங்கள். அப்பத்தாவை வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். முகத்தை நன்றாகப் பாருங்கள். மூக்கோரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால், “இது எப்ப இருந்து இருக்கு அப்பத்தா?” என்று கேளுங்கள். “அது கெடக்கு கழுத, ரெண்டு வருஷமா” என்று பதில் வந்தால், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது முதல் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும்.